கண்ணீர் மட்டும் போதுமா?

கம்பன் மகன் அம்பிகாபதி செய்த குற்றம் என்ன? சோழன் மகளைக் காதலித்தான்! காப்புச் செய்யுளையும் கணக்கில் சேர்த்து அமராவதி எண்ணியதால் நூறு பாடல் தொண்ணூற்றொன்பதாயிற்று. கவிஞன் தலை உருண்டது என்கிறது கதை. 1937இல் பாகவதரும் 1957இல் சிவாஜியும் நடிக்க, நாடே கண்ணீர் வடித்தது.

சோழர் எழுப்பிய கற்றளி நிற்கும் மதகடிப்பட்டுத் தோழர்களே! நம் புதுவை தந்த பாவேந்தர், அழும் மக்களைப் படைக்கவில்லை. ‘புரட்சிக்கவி’யில், இளவரசியைக் காதலித்த உதாரன் கொலைக்களத்தில் நின்று மக்களிடம் நீதி கேட்டான், மக்கள் பொங்கினர், காதலர் பிழைத்தனர்.

2016இல் உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த இளைஞன் பட்டப்பகலில், பலர் பார்க்க வெட்டப்பட்டான். உதாரனுக்கு எழுந்த கூட்டம் அங்கே எங்கே?

திரையில் மடியும் காதலனுக்குக் கண்ணீர். தெருவில் மடியும் காதலனுக்கு மௌனமா? கண்களைத் துடையுங்கள், காதலரைக் காக்க எழுங்கள்!