நம்ம பேங்க்தானே!

2020 நவம்பர் 27 அன்று லட்சுமி விலாஸ் பேங்க், டிபிஎஸ் பேங்க் இந்தியாவோடு இணைந்தது. அதன் பங்கு மூலதனம் முழுவதும் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது. பங்கு வைத்திருந்தவர் கைக்கு ஒரு பைசா வரவில்லை. அந்த வாரம் நாம் ஏசாத ஆள் இல்லை. ரிசர்வ் வங்கி தூங்கிவிட்டது, சிங்கப்பூர்க்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள், மேலே உட்கார்ந்திருந்தவர்கள் குடியைக் கெடுத்துவிட்டார்கள் என்றெல்லாம் சொன்னோம். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பட்டியலில் வங்கியின் சொந்தக்காரர்கள் மட்டும் வரவேயில்லை. நிறுவனர் தரப்பிடம் கடைசியில் இருந்த பங்கு பத்தில் ஒன்றுகூடக் கிடையாது. மீதியில் பெரிய முதலீட்டாளர்கள் போக, சிறுகச் சிறுக வைத்திருந்தவர்கள் நாம்தான்.

நம் கைக்கு அந்தப் பங்கு வந்த விதத்திலேயே கோளாறு தொடங்கிவிட்டது. 1926-இல் வி.எஸ்.என். ராமலிங்கச் செட்டியார் முன்னின்று ஏழு வியாபாரிகள் கரூரில் தொடங்கிய வங்கி அது. அதே ஊரில் பத்து வருடம் மூத்ததாக கரூர் வைசியா பேங்க் இருந்தது. ஜவுளியும் பஸ் பாடி கட்டுவதுமாக ஓடிய ஊரில் இரண்டு வங்கி என்பது பெருமைதான். அப்பா பெயரில் இருந்த பங்கை மகன் பெயருக்கு மாற்றினோம். பிறகு பத்திரங்களை டீமேட் கணக்கில் ஏற்றினோம். அதோடு நம் வேலை முடிந்தது. மேனேஜர் பேர் சொல்லிக் கூப்பிடுவார், காபி வரவழைப்பார். நம்ம பேங்க்தானே, அதைப் போய் யார் துருவிக்கொண்டிருப்பார்கள்?

துருவ வேண்டிய அவசியமே இருக்கவில்லை, எல்லாம் அச்சில் இருந்தது. 2017 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 2.67 சதவீதம். அடுத்த மார்ச்சில் அது 9.98. அதற்கடுத்த மார்ச்சில் 15.30. 2020 மார்ச்சில் 25.39, அதாவது கொடுத்த நாலு ரூபாயில் ஒரு ரூபாய் நின்றுபோயிருந்தது. நஷ்டத்தைத் தாங்க வங்கி கையில் வைத்திருக்க வேண்டிய மூலதனத்தின் கணக்கு இன்னும் மோசம். விதிப்படி பத்துக்கு மேல் இருக்க வேண்டிய விகிதம் 2019 மார்ச்சில் 7.72, ஓராண்டு கழித்து 1.12, 2020 செப்டம்பரில் பூஜ்யத்துக்கும் கீழே 2.85. காலாண்டு தவறாமல் பங்குச் சந்தைக்கு அனுப்பப்பட்ட இந்த எண்களை நாம் பார்த்தோமா? பங்கு விலையைப் பார்த்தோம். இறங்கும்போதெல்லாம் 'ஆவரேஜ்' பண்ணுகிறோம் என்று இன்னும் கொஞ்சம் வாங்கினோம்.

ரெலிகேர் விவகாரம் வெளியே வந்தபோதாவது விழித்திருக்கலாம். ரெலிகேர் ஃபின்வெஸ்ட் என்ற நிதி நிறுவனம் போட்டிருந்த 700 கோடிக்கு மேற்பட்ட வைப்புத்தொகையின் பேரில், ரான்பாக்ஸியின் பழைய முதலாளிகளான சிங் சகோதரர்களின் நிறுவனங்களுக்கு வங்கி கடன் கொடுத்தது. கடன் திரும்பவில்லை, 2017-இல் வங்கி அந்த வைப்புத்தொகையை எடுத்துக் கடனுக்கு நேர் செய்துகொண்டது. அடமானம் என்று வங்கி சொன்னது, இல்லவே இல்லை என்று ரெலிகேர் 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. யார் பக்கம் நியாயம் என்பது கிடக்கட்டும். கரூரில் ஜவுளிக்காரர்களுக்குக் கடன் கொடுத்து வளர்ந்த வங்கிக்கு டெல்லி முதலாளிகளிடம் என்ன ஜோலி, ஒரே கூட்டத்துக்கு இவ்வளவு தொகையா, எந்தக் குழு ஒப்புதல் கொடுத்தது என்று எழுந்து கேட்க நமக்கு உரிமை இருந்தது. ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். நம்மில் பெரும்பாலோர் ஏஜிஎம் நோட்டீஸைப் பிரிக்காமலேயே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டு, டிவிடெண்ட் வரவானதா என்று மட்டும் பாஸ்புக்கைப் புரட்டினோம். 2017 டிசம்பரில் சுமார் 786 கோடிக்கு ரைட்ஸ் இஷ்யூ வந்தபோதும், பணம் எதற்கு என்று கேட்காமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டோம்.

படித்தவர்கள் இல்லாமல் இல்லை. 2019 மார்ச்சில் 29,000 கோடியைத் தாண்டியிருந்த வைப்புத்தொகை ஓராண்டில் சுமார் 21,000 கோடியாக இறங்கியது. நாம் திறக்காத அறிக்கைகளைத் திறந்து பார்த்தவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ் வங்கியைக் கொண்டுவந்தது, அக்டோபரில் இந்தியாபுல்ஸ் ஹவுசிங் ஃபைனான்ஸோடு இணையும் திட்டத்தை நிராகரித்தது. தமிழில் வணிகப் பக்கம் எழுதுகிற நாமும் இவற்றை நாலு வரிச் செய்தியாகப் போட்டுவிட்டு, தங்கம் விலைக்கு அரைப் பக்கம் ஒதுக்கினோம்.

2020 செப்டம்பர் 25, கொரோனா காலம். காணொளியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களின் நியமனத்தை வாக்களித்து நிராகரித்தார்கள். நமக்கு இப்படியொரு பலம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. மூலதனமெல்லாம் கரைந்து முடிந்திருந்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நவம்பர் 17-ஆம் தேதி மாலை தடை வந்தது, ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் எடுக்கலாம். இணைப்புத் திட்டத்தின் வரைவு குறித்து ஆட்சேபம் சொல்ல 20-ஆம் தேதி வரை அவகாசம். மூன்றே நாளா என்று கொதித்தோம். கொதித்தது நியாயம்தான், சொத்துக்கு மதிப்பே இல்லையென்று ஒருவரைத் தெருவில் விட மூன்று நாள் போதாது. ஆனால் அதற்கு முந்தைய மூன்று வருடம் நம்மிடம் இருந்தது. 2004-இல் குளோபல் டிரஸ்ட் பேங்க் விழுந்தபோது அதன் பங்குதாரர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கதை ஹைதராபாத்தில் நடந்ததால் நம்மைச் சேர்ந்ததில்லை என்று வைத்துக்கொண்டோம்.

டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. டிபிஎஸ் 2,500 கோடியைக் கொண்டுவந்து போட்டது, கிளைகள் திறந்தே இருந்தன. நல்லதுதான். ஆனால் இதிலிருந்து வீட்டுக்கு வீடு எடுத்துக்கொண்ட பாடம், 'ஷேர் என்றால் சூதாட்டம், எஃப்டி என்றால் பத்திரம்' என்பது. வங்கி விழுந்தால் காப்பீடு கிடைப்பது 5 லட்சத்துக்குத்தான். அதுவும் 2020 பிப்ரவரி வரை ஒரு லட்சம். அந்த முறை காப்பாற்றியது காப்பீடு இல்லை, வாங்குவதற்கு ஒருவர் தயாராக இருந்தது.

வாராக்கடன் எவ்வளவு, மூலதன விகிதம் எவ்வளவு என்பதை நம் வங்கிகள் இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கள் இணையதளத்தில் போடுகின்றன. அதைத் திறந்து பார்க்க நேரமில்லை என்கிறோம். சீனியர் சிட்டிசனுக்குக் கால் சதவீதம் வட்டி கூடுதலாக எங்கே தருகிறார்கள் என்று விசாரிக்க மட்டும், மொட்டை வெயிலில் நாலு பேங்க் படி ஏறி இறங்குகிறோம்.