பழுது பெட்டியிலா, பார்வையிலா?

'வால்வு போய்விட்டது; இனி இது எடைக்குத்தான்' என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதுவோரை நாம் மறுக்கிறோம். மெல்லிசைக் குழுக்கள் பேஸ் கிடாருக்கென வைத்திருந்த வால்வு ஆம்ப்ளிஃபயர், திருவள்ளூர்க் காயலான் கடையில் விழுந்து கும்மிடிப்பூண்டி உலையில் உருக வேண்டியதுதானா?

பெட்டி ஓயாமல் உறுமினால் முதலில் ஐயுற வேண்டியது, மின்வழங்கியிலுள்ள வடிகட்டும் கண்டென்சர்களை. ஆண்டுகள் பல கடந்தால் அவை உலர்ந்துவிடும். கரகரத்தால் வால்வு சாக்கெட்டைத் துடைத்துப் பார்க்க வேண்டும். வெளியீட்டு வால்வின் தகடு சிவந்து கனன்றால், அதற்கு முன்னுள்ள கண்டென்சர் மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என அளக்க வேண்டும். கசிவை விட்டுவிட்டு வால்வை மட்டும் மாற்றினால் புதியதும் கருகும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் 400 வோல்ட் வரை உள்ளே தங்கியிருக்கும். அதை வடிக்காமல் கைவைப்பது துணிச்சலன்று, அறியாமை.

'வால்வு கிடைக்காதே' என்பர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு செய்த காலம் போய்விட்டது, மெய்தான். ஆனால் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் ரஷ்யாவிலும் அவை இன்றும் தயாராகின்றன. 1952இல் ஃபெண்டர் நிறுவனம் பேஸ் கிடாருக்கென வெளியிட்ட 'பேஸ்மேன்' ஆம்ப்ளிஃபயரை மேலைநாட்டார் இன்றும் பழுதுநீக்கிப் போற்றுகின்றனர்.

கிடைக்காமற் போகவிருப்பது வால்வு அன்று. பழுதைக் காதால் கேட்டே இடஞ்சொல்லும் முதிய மெக்கானிக். அவரது அறிவு பட்டறைத் தமிழில், வாய்மொழியாகவே இருக்கிறது. சுவடி அழிந்ததற்குக் கண்ணீர் வடிப்போரே, இதுவும் சுவடிதான். தொழிற்பயிற்சி மாணவர்கள் அவரருகே அமரட்டும். தமிழாசிரியர்கள் ஏடும் எழுதுகோலுமாய் உடன் செல்லட்டும்.