ஆலோசகர் பணியை அளக்குங் கோல்

நம் பல்கலைக்கழகங்களில் மாணாக்கர்க்குக் கல்வி ஆலோசனை கூறுதற்கென விரிவுரையாளர் சிலர் நியமிக்கப்படுகின்றனர். அவர்தம் பணி செவ்வனே நடைபெறுகின்றதா என மதிப்பிடுதலும் இந்நாளில் வழக்காகி வருகின்றது. நன்றே. ஆயின், அம்மதிப்பீடு எதனை அளக்கின்றது என்பதே என் வினா.

ஆலோசகர் இன்முகத்தோடு பேசினாரா, குறித்த நேரத்தில் அறையிலிருந்தாரா என்றெல்லாம் வினாவி, ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிடுமாறு கேட்கின்றனர். இன்முகம் வேண்டற்பாலதே, இன்முகத்தோடு பிழைவழி காட்டுவாரும் உலகில் உளர். அன்றியும், அப்புள்ளியை இடுவோர் ஆலோசகரிடம் சென்றவரே. கூச்சத்தாலோ அச்சத்தாலோ செல்லாது நின்றவரின் குரல் அத்தாளில் ஏறுவதில்லை. அவர்க்கன்றோ ஆலோசனை பெரிதும் வேண்டுவது?

கலைப்பீடத்தை எடுத்துக்கொள்வோம். 3 ஆண்டுப் பொதுப்பட்டமா, 4 ஆண்டுச் சிறப்புப்பட்டமா என்பது பெரும்பாலும் முதலாண்டுப் பாடத்தெரிவினாலும் பெறுபேற்றினாலுமே முடிவாகின்றது. என்னிடம் பயின்ற மாணவியொருத்தி தமிழிற் சிறப்புப்பட்டம் பெறும் வேட்கையோடு சென்றாள். மூத்த மாணவர் சொற்கேட்டு, அதற்கு முதலாண்டில் வேண்டிய பாடமொன்றை விட்டுவிட்டாள். ஆலோசகர் படிவத்திற் கையொப்பமிட்டார். 'என்ன பயில விரும்புகிறாய்?' என்று வினவினாரல்லர். இரண்டாமாண்டில் வாயில் அடைபட்டது. அவள் இன்று பொதுப்பட்டதாரி. அப்பீடத்து ஏட்டிலோ, அவளுக்கு ஆலோசனை வழங்கப்பட்டதாகவே பதிவாகியிருக்கும்.

நன்னூலார் பாடஞ்சொல்லும் முறைமை கூறுமிடத்து, கொள்பவனின் இயல்பறிதலையும் ஆசிரியன் கடனாக வைத்தார். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த அந்நூலின் விதி, படிவத்தைக் கண்டு மாணாக்கரைக் காணாத இந்நாளைய முறையினும் மேலானதாகவே எனக்குத் தோன்றுகின்றது.

ஆதலின், மதிப்பிடப் புகுவோர் பெறுபேற்றேட்டினின்று தொடங்குவாராக. முதற் பருவத்தில் இரு பாடங்களில் தவறியோர் எத்துணையர்? அவருள், அடுத்த பருவத்துக்குமுன் ஆலோசகரால் அழைக்கப்பட்டோர் எத்துணையர்? பாடம் மாற்ற விரும்பியும் காலங் கடந்தமையால் மாற்றவியலாது போனோர் யாவர்? படிப்பை இடையில் விட்டவரையும் ஒருமுறை அழைத்துக் கேட்டல் வேண்டும்.

விரிவுரையாளர்க்கு நேரமேது என்பர் சிலர். உண்மை. கற்பித்தல், விடைத்தாள் திருத்தல், ஆய்வு ஆகிய மூன்றையுஞ் சுமப்பவர் தலையில் நான்காவதாக இதனையும் ஏற்றுகின்றோம். ஆலோசனைக்குச் செலவாகும் நேரத்தைக் கற்பித்தல் நேரத்தோடு கூட்டிக் கணக்கிடுகின்றனரா என்று நிருவாகத்தினரிடமும் அதே வினாப்பத்திரத்திற் கேட்கலாமே.