புதிய வீட்டில் முதல் இருமல்



நாய் வளர்க்க விரும்புவோர் பெருந்தொகை கொடுத்து உயர்சாதிக் குட்டிகளை வாங்குவதே முன்னாளில் வழக்கமாக இருந்தது. இப்போது, காப்பகங்களில் ஆதரவின்றிக் கிடக்கும் நாட்டு நாய்களை அழைத்து வரும் குடும்பங்களும் ஆங்காங்கே தென்படுகின்றன. நற்செயல்தான். ஆயினும், அந்த நற்செயலில் இறங்கியவர்கள் முதல் வாரத்திலேயே மனம் தளர்ந்துபோக ஒரு சிறு நோய் காரணமாகிவிடுகிறது. எங்கள் வீட்டில் நேர்ந்ததையே இம்மாதம் எழுதுகிறேன்.

பிள்ளைகளின் நெடுநாள் வேண்டுதலுக்கு இணங்கி, சென்ற ஆனியில் ஒரு காப்பகத்திலிருந்து இரண்டு வயதுப் பெண் நாய் ஒன்றை அழைத்து வந்தோம். செம்மண் நிறம், காதின் நுனியில் சிறு வெட்டு. கருத்தடை அறுவை முடிந்த தெருநாய்க்கு இடும் அடையாளம் அது. நிறத்தைக் கண்டு ‘செவலை’ என்று பெயரிட்டோம். மூன்று நாள்கள் நன்றாகவே இருந்தது. நான்காம் நாள் மாலை, நாங்கள் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது முற்றத்திலிருந்து விநோதமான சத்தம் எழுந்தது. வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல், அதன் முடிவில் குமட்டல், வாயோரம் வெண்ணுரை.

செபம் நின்றது. எலும்பு ஏதோ தொண்டையில் சிக்கிவிட்டது என்று எண்ணிய என் கணவர், அதன் வாய்க்குள் விரல்விட முனைந்தார். என் மாமியார் அடுக்களைக்கு விரைந்து, சின்ன வெங்காயத்தை இடித்துச் சாறு பிழியத் தொடங்கினார். கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெயை நெஞ்சில் தடவவும் ஆயத்தமானார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த அடுத்த வீட்டு அம்மையாரோ, “நோய் நாயை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். நாளைக்கே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்” என்றார். இளையவன் செவலையைக் கட்டிக்கொண்டு அழுதான்.

மறுநாள் காலை கால்நடை மருத்துவமனைக்குச் சென்றோம். மருத்துவர் செவலையின் தொண்டைக்குக் கீழே, மூச்சுக்குழலின்மீது விரல்களால் மெல்ல அழுத்தினார். உடனே அதே இருமல் வந்தது. “கென்னல் காஃப் என்போம். பல நாய்கள் ஒரே கூரையின்கீழ் அடைந்து வாழும் இடங்களில் எளிதில் பரவும்” என்றார்.

அவர் விளக்கியதைச் சுருங்கச் சொல்கிறேன். இது ஒரே கிருமியின் வேலையன்று. சில வைரசுகளும் ‘போர்டெட்டெல்லா’ என்னும் நுண்ணுயிரியும் தனித்தோ கூட்டுச் சேர்ந்தோ மூச்சுக்குழலைப் புண்ணாக்குகின்றன. 1906-ஆம் ஆண்டில் குழந்தைகளின் கக்குவான் இருமலுக்குரிய கிருமியைத் தம் தோழருடன் கண்டறிந்து அறிவித்த பெல்ஜிய நாட்டு அறிஞர் சூல் போர்டே என்பவரின் பெயரால் வழங்குவது இக்கிருமிக் குடும்பம். ஆகவே இதனைக் கக்குவானின் உறவினர் என்று கொள்ளலாம். தொற்றிய பின் நோய் வெளிப்படப் பெரும்பாலும் 3 முதல் 10 நாள்கள் ஆகும். எனவே, காப்பகத்தில் நலமாகத் துள்ளிய நாய் நம் வீட்டில் இருமத் தொடங்கினால், எவரும் நம்மை ஏமாற்றினார் என்பது பொருளன்று. இடமாற்றத்தின் அச்சமும் அலைச்சலும் அதன் உடல்வலிமையைக் குறைத்திருக்கவும் கூடும்.

பெரும்பாலான நாய்கள் ஒன்று முதல் மூன்று வாரங்களில் குணமடைந்துவிடும். எளிய நிலையில் மருந்தே தேவைப்படாமல் போகலாம். மருந்து தருவதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அவர் தந்தால், இருமல் நின்றதும் நிறுத்திவிடாமல், சொன்ன நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். மற்றவை யாவும் வீட்டார் கையில் உள்ளவை.

கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, மார்பைச் சுற்றிப் பூட்டும் வாரினை அணிவிக்க வேண்டும். கழுத்து இறுகும்போதெல்லாம் இருமல் கிளம்பும். ஓட்டமும் விளையாட்டும் சில நாள்களுக்கு வேண்டாம். அடுப்புப் புகை, பீடி சிகரெட்டுப் புகை, சாம்பிராணி, கொசுவர்த்தி ஆகியவை அண்டாத இடத்தில் படுக்கை அமைய வேண்டும். குளியலறையில் வெந்நீரைத் திறந்து ஆவி நிரப்பி, கதவைச் சாத்தி, நாயுடன் ஒருவர் பத்து நிமிடம் அமர்ந்திருந்தால் தொண்டை இளகும். வெந்நீர் அதற்கு எட்டாதபடி இருத்தல் முக்கியம். தைலம் எதுவும் கலக்கலாகாது. குழையவேகவைத்த சோறும் உப்பும் மசாலாவும் சேராத கோழிச்சாறும் இளஞ்சூடாகத் தந்தால் விழுங்க எளிது.

இனி, செய்யக்கூடாதவை. என் மாமியாரின் கைவைத்தியத்தைக் கேட்ட மருத்துவர் திடுக்கிட்டார். நமக்கு மருந்தாகும் வெங்காயம், நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், பூண்டும் அவ்வாறே. கற்பூரம் அதற்கு நஞ்சு. தடவினால் நக்கியே உட்கொண்டுவிடும். மனிதருக்கான இருமல் மருந்துகளும், பாராசிட்டமால், இபுபுரூஃபன் முதலிய மாத்திரைகளும் அதன் உயிருக்கே ஊறு செய்யக் கூடியவை. அன்பினால் கொடுத்தோம் என்பதற்காக நஞ்சு தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை.

என் கணவரின் செயலோ இதனினும் அபாயமானது. வெறிநோய் கண்ட நாயும் தொண்டையில் ஏதோ அடைத்ததுபோலவே தோன்றும். அதன் எச்சிலில் மரணம் இருக்கிறது. முன் வரலாறு தெரியாத நாயின் வாயில் எக்காரணம் கொண்டும் வெறுங்கையை விடலாகாது. காப்பகத்தில் தரும் தடுப்பூசிச் சீட்டை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கடியோ கீறலோ நேர்ந்தால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காத்திருக்கலாகாத அறிகுறிகளும் உண்டு. உணவை மறுத்தல், சோர்ந்து கிடத்தல், மூக்கிலோ கண்ணிலோ மஞ்சளாகவோ பச்சையாகவோ சளி வடிதல், 103 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சல், மூச்சு வாங்குதல் ஆகியவை நிமோனியாவையோ டிஸ்டம்பர் என்னும் கொடிய நோயையோ குறிக்கலாம். நாய் உறங்கும்போது மூச்சை எண்ணிப் பாருங்கள்; நிமிடத்திற்கு முப்பதைத் தாண்டிக்கொண்டே இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். குட்டிகளுக்கும் கிழ நாய்களுக்கும் ஆபத்து மிகுதி. மனிதருக்கு இது தொற்றுவது மிக அரிது. எனினும் எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளிகள் சற்று விலகியிருப்பது நலம்.

மருத்துவர் கடைசியாகக் கேட்ட கேள்வி இது: “பக்கத்தில் நாய்கள் உண்டா?” அடுத்த வீட்டில் இரண்டு மாதக் குட்டி ஒன்று இருந்தது. வேலியிடுக்கில் அதுவும் செவலையும் முகர்ந்துகொண்டதைப் பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். நேரே அந்த அம்மையாரிடம் சென்று உண்மையைச் சொன்னேன். கடிந்துகொள்வார் என்றே எதிர்பார்த்தேன். “சொன்னீர்களே, அதுவே போதும்” என்று அன்றே குட்டியை மருத்துவரிடம் காட்டினார்; அதற்கு ஒன்றும் நேரவில்லை. இருமல் நின்ற பின்னும் இரண்டு வாரம் செவலையை வெளியே விடவில்லை. அதன் தட்டைத் தனியே கழுவினோம். தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவினோம். நன்கு தேறிய பின்னரே விடுபட்ட தடுப்பூசிகளைப் போட்டோம்.

வெங்காயச் சாற்றைக் கொட்டிவிட்ட என் மாமியார், மருத்துவரின் இசைவோடு அரைத் தேக்கரண்டித் தேனை இளஞ்சூட்டு நீரில் கலந்து நாள்தோறும் தாமே ஊட்டினார். பதினேழாம் நாள் மாலைச் செபத்தின்போது முற்றத்தில் இருமல் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். மாமியாரின் காலடியில் தலை வைத்துச் செவலை உறங்கிக்கொண்டிருந்தது. செபம் முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

நலமாக இருக்கும்வரை மட்டுமே என்று நாம் எவரையும் வீட்டிற்குள் ஏற்பதில்லை. வாய் பேசாத உயிரை ஏற்கும்போதும் அதே எண்ணம் வேண்டும். உங்கள் வீட்டுப் புதுவரவு இருமினால், திருப்பி அனுப்பவும் வேண்டாம். தெரியாத மருந்தைத் தரவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள், மூன்று வாரம் பொறுத்திருங்கள்.