சார்ந்தோர் அல்ல

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் முன்னாள் படைவீரர் குறைதீர் நாள் நடத்துவார்கள். 'முன்னாள் படைவீரர்கள் மற்றும் அவர்தம் சார்ந்தோர்' வரலாம் என்று அறிவிப்பு சொல்லும். எங்கள் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் போவது புதிதல்ல. என் பெரியப்பாவும் போனார். பதினேழு வருடம். அந்தப் பதினேழு வருடமும் மூன்று பிள்ளைகளையும் இரண்டு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லையையும் பெரியம்மா ஒற்றை ஆளாகப் பார்த்தார். காகிதத்தில் அவர்தான் 'சார்ந்தோர்'. யார் யாரைச் சார்ந்திருந்தார்கள் என்று கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

சரி, படைவீரரே பெண்ணாக இருந்தால்? அந்தக் கேள்வியோடுதான் டவி ஜான்சன் ரவுண்ட்ரீயின் வாழ்க்கையைப் படித்தேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1914-ல் பிறந்த கறுப்பினப் பெண். 1942-ல் அமெரிக்க ராணுவம் பெண்களுக்கென்று ஒரு துணைப்படையைத் தொடங்கியபோது, அதன் முதல் அதிகாரிகள் அணியில் சேர்க்கப்பட்ட நாற்பது கறுப்பினப் பெண்களில் ஒருவர். ஹிட்லரின் இனவெறியை எதிர்த்துப் போரிட்ட அதே ராணுவம் இந்த நாற்பது பேரையும் தனி விடுதியில், தனிச் சாப்பாட்டு மேசையில் வைத்தது. 1943-ல் மயாமியில் ஒரு பேருந்தில் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரப் படைவீரன் ஒருவன் உட்கார வேண்டும், எழுந்திரு என்றார் ஓட்டுநர். நாட்டுக்காகப் போட்ட சீருடை ஒரு பேருந்து இருக்கைக்குக்கூட உதவவில்லை.

போர் முடிந்தது. திரும்பி வந்தவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் சட்டம் ஒன்று 1944-லேயே வந்திருந்தது. பெரும்பாலும் ஆண்கள் அனுபவித்த அந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டு ரவுண்ட்ரீ 1947-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்குள் நுழைந்தார். 1950-ல் பட்டம். அடுத்து வந்த வழக்கைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். சாரா கீஸ் என்ற இளம் கறுப்பினப் பெண், அவரும் ராணுவத்தில் சிப்பாய். 1952 ஆகஸ்டில் லீவில் வீட்டுக்குப் போகும்போது, பேருந்தில் பின்னால் போக மறுத்ததற்காக ஓர் இரவு லாக்கப்பில் வைக்கப்பட்டு 25 டாலர் அபராதமும் கட்டினார். ரவுண்ட்ரீயும் அவருடைய கூட்டாளி ஜூலியஸ் ராபர்ட்சனும் அந்த வழக்கை மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்தைக் கவனிக்கும் ஆணையத்துக்குக் கொண்டுபோனார்கள். முதலில் விசாரித்த அதிகாரி தள்ளுபடி செய்தார். விடவில்லை. 1955 நவம்பரில் முழு ஆணையமும் தீர்ப்பை மாற்றியது: மாநிலம் தாண்டும் பேருந்தில் நிறம் பார்த்து உட்கார வைக்கக் கூடாது. ரோசா பார்க்ஸ் கைதானது அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான். நம் பாடப்புத்தகங்களுக்கு ஒரு பேருந்து, ஒரு பெண் போதும். பின்னால் கேஸ்கட்டோடு நின்ற இன்னொரு பெண் தேவைப்படுவதில்லை.

'முதல் பெண்' பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. வாஷிங்டன் பெண் வழக்கறிஞர் சங்கத்தில் 1962-ல் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண் என்று ரவுண்ட்ரீயையும் அந்தப் பட்டியலில் போடுவார்கள். அதுவரை அவரைப் போன்றவர்களை வெளியே நிறுத்தியவர்களும் பெண்கள்தானே? சாதி பார்த்து நாற்காலி போடும் நம் ஊர் மகளிர் சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"ராணுவமே ஆணாதிக்கத்தின் கோட்டை, அதில் போய் இடம் கேட்பது பெண்ணியமா?" என்று தோழிகள் கேட்கிறார்கள். எனக்கும் அதன்மேல் மோகமில்லை. 2004-ல் மணிப்பூர்த் தாய்மார்கள் ஆடை களைந்து எந்த வாசலில் நின்றார்கள் என்பதை நானும் மறக்கவில்லை. ஆனால் ரவுண்ட்ரீ ராணுவத்தின் புகழ் பாடவில்லை. உழைத்தேன், கொடு என்று கணக்குக் கேட்டார். அந்தக் கணக்கைக் கேட்கக்கூடப் பெண்ணுக்கு உரிமையில்லை என்றால், நம்முடைய கொள்கைத் தூய்மையால் யாருக்கு லாபம்? தாயாக, விதவையாக மேடையேற்றிச் சால்வை போர்த்துகிறவர்களுக்குத்தான்.

நம் நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு 1992-ல் இருபத்தைந்து பெண்கள் வந்தார்கள். அவர்களையும் அவர்களுக்குப் பின் வந்தவர்களையும் குறுகிய காலப் பணியில் மட்டும் வைத்துக்கொண்டது ராணுவம். பிறகு அதிகபட்சம் பதினான்கு வருடம் என்றார்கள். அதிகாரிக்குப் பென்ஷன் கிடைக்க இருபது வருடம் வேண்டும். இளமையை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்புவதற்கு இதைவிடச் சுத்தமான வழி உண்டா? பபிதா புனியா என்ற வழக்கறிஞர் 2003-ல் வழக்குப் போட்டார். 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றம் பெண்களுக்குச் சாதகமாகச் சொன்னது. அரசு அதை நடைமுறைப்படுத்தாமல் மேல்முறையீட்டுக்குப் போனது.

உச்ச நீதிமன்றத்தில் அரசு எடுத்துவைத்த வாதம் ஒன்று இன்னும் என்னை எரிக்கிறது. சிப்பாய்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வருகிற ஆண்கள், பெண் அதிகாரியின் தலைமையை ஏற்க அவர்கள் மனம் இன்னும் பழகவில்லையாம். கிராமத்து ஆண்கள் என்றால் யார்? எங்கள் கண்ணமங்கலம், போளூர்ப் பையன்கள். அப்பா எல்லையில் இருக்க, அம்மா சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஏர் பூட்டுவதிலிருந்து வட்டிக்கடை வரைக்கும் பெண் முடிவெடுத்த வீட்டில் சோறு தின்றவர்கள். அவர்களுக்குப் பெண் தலைமை புதிதா? டெல்லி அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு எழுதுகிறவர் தன் மனத்தடையை எங்கள் பிள்ளைகளின் தலையில் கட்டினார். 2020 பிப்ரவரி 17 அன்று நீதிபதிகள் சந்திரசூட்டும் அஜய் ரஸ்தோகியும் அந்த வாதத்தை நிராகரித்தார்கள். எங்கள் ஊரைப் பற்றி அப்படி எழுதியதற்கு எங்களிடம் இதுவரை யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

தீர்ப்பு வந்தால் முடிந்தது என்றும் இல்லை. சாரா கீஸ் தீர்ப்பு ஆறு வருடம் தூங்கியது. 1961-ல் இளைஞர்கள் பேருந்துகளில் அடிவாங்கிய பிறகுதான் எழுந்தது. ரவுண்ட்ரீ 2018-ல், 104 வயதில் இறந்தார். நம் விமானப்படையில் 1990-களில் சேர்ந்து, குறுகிய காலப் பணி முடிந்ததும் வெளியே அனுப்பப்பட்ட 32 பெண் அதிகாரிகள் பல வருடம் நீதிமன்றப் படியேறினார்கள். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்களைப் பென்ஷனுக்குப் பரிசீலிக்கச் சொன்னது. வேலையில் திரும்பச் சேர்க்கச் சொல்லவில்லை.