சீசன் மூன்றே நாள்: அமெரிக்கத் தூண்டில்காரர்களின் கோபம் சொல்லும் கதை

2017 மே மாதம், அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையோரத் தூண்டில்காரர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. சொந்தப் படகில் போய், மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள கடற்பகுதியில் ரெட் ஸ்னாப்பர் மீன் பிடிக்க அந்த ஆண்டு மொத்தமே மூன்று நாள்தான் அனுமதி. ஜூன் 1, 2, 3. அவ்வளவுதான். பத்து வருடத்துக்கு முன்பு, 2007-ல், இதே மீனுக்கு 194 நாள் சீசன் இருந்தது.

மீன் அழிந்துவிட்டதா என்றால், இல்லை. அதுதான் வேடிக்கை. கட்டுப்பாடுகளுக்குப் பலன் கிடைத்து, மீன் எண்ணிக்கையும் அளவும் கூடிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் ஒதுக்கீடு எடைக் கணக்கில். மீன் பெருத்தால் ஒதுக்கீடு சீக்கிரம் தீர்ந்துவிடும். இதற்கிடையே மாநிலங்கள் தங்கள் கரையோரக் கடலில் சீசனை நீட்டிக்கொண்டே போயின. அங்கே பிடித்ததும் அதே கணக்கில் கழிந்ததால், மத்திய அரசின் சீசன் சுருங்கியது. 'கடல் நிறைய மீன் இருக்கு, எங்களை மட்டும் ஏன் தடுக்கிறீங்க?' என்று படகுக்காரர்கள் கேட்டதில் ஆச்சரியமில்லை.

சரி, இதையெல்லாம் முடிவு செய்வது யார்?

1976-ல் வந்த மேக்னசன்-ஸ்டீவன்ஸ் சட்டம் நாடு முழுக்க எட்டு மண்டல மீன்வளக் கவுன்சில்களை உருவாக்கியது. வளைகுடாக் கவுன்சிலில் வாக்குரிமை உள்ளவர்கள் 17 பேர். ஐந்து மாநிலங்களின் மீன்வள அதிகாரிகள் 5 பேர், மத்திய மீன்வளத் துறையின் மண்டல அதிகாரி ஒருவர். மீதி 11 பேரை மாநில ஆளுநர்கள் கொடுக்கும் பட்டியலிலிருந்து வணிகத் துறை அமைச்சர் நியமிக்கிறார். இந்த 11 பேரில் மீன் வியாபாரி இருக்கலாம், வாடகைப் படகு கேப்டன் இருக்கலாம், பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவரும் இருக்கலாம். தொழிலில் பங்கு உள்ளவரே விதியும் எழுதலாம். பணத் தொடர்பை எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை.

கவுன்சிலுக்குக் கீழே ஆலோசனைக் குழுக்கள். இவை இரண்டு ரகம். அறிவியல் குழு சொல்லும் பிடிப்பு வரம்பைக் கவுன்சில் தாண்ட முடியாது. மீனவர்களும் தூண்டில்காரர்களும் இருக்கும் குழு சொல்வதைக் கவுன்சில் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம்.

வெளிப்படைத்தன்மை என்று பார்த்தால், காகிதத்தில் எல்லாம் கச்சிதம். கூட்ட நாள் அரசிதழில் வர வேண்டும், கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், நடந்தது பதிவாக வேண்டும். யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் போய்ச் சில நிமிடம் பேசலாம். இந்தியாவில் பல கருத்துக்கேட்புக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதுவே பெரிய விஷயமாகத் தோன்றும்.

ஓட்டை வேறு இடத்தில். ஆலோசனைக் குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதைக் கவுன்சில் மூடிய அறையில் பேசித் தேர்வு செய்கிறது. விண்ணப்பித்தவர்களின் தனிப்பட்ட விவரங்களைப் பேச வேண்டியிருக்கும் என்ற காரணத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒருவரை ஏன் எடுத்தார்கள், இன்னொருவரை ஏன் விட்டார்கள் என்பது வெளியே இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. அப்புறம், கூட்டங்கள் நடப்பது வார நாட்களில், ஏதோ ஒரு கடலோர ஊரின் ஹோட்டல் அரங்கில். வேலைக்குப் போகிற, சனிக்கிழமை மட்டும் படகை எடுக்கிற ஆள் அங்கே எப்படி வருவார்? வருபவர்கள் சங்கங்களின் பிரதிநிதிகளும் அதையே தொழிலாகக் கொண்டவர்களும்தான். இப்போது இணையம் வழியாகவும் பேச முடிகிறது என்பது கொஞ்சம் ஆறுதல்.

இந்தப் பின்னணியில்தான் 2017-ன் இரண்டாவது திருப்பம் வந்தது. ஜூன் மாதம் வணிகத் துறை திடீரென்று சீசனை மேலும் 39 நாள் நீட்டித்தது. கவுன்சிலில் விவாதம் இல்லை, முன்கூட்டியே கருத்துக்கேட்பும் இல்லை. தூண்டில்காரர்களின் பங்கு அந்த ஆண்டு வரம்பைக் கணிசமாகத் தாண்டும் என்று அரசின் அறிவிப்பே ஒப்புக்கொண்டது. மீன்வளம் முழுதாக மீள்வது ஆறு ஆண்டுகள் வரை தள்ளிப்போகலாம் என்ற எச்சரிக்கையும் அதே அறிவிப்பில் இருந்தது. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன.

தூண்டில்காரர்கள் பலர் அன்று கொண்டாடினார்கள். மூன்று நாள் சீசனைப் பார்த்து நொந்தவர்களின் மகிழ்ச்சி புரிகிறது. ஆனால் நடந்தது என்ன? நாற்பது ஆண்டாகக் கட்டிய ஒரு பொது நடைமுறையை, மேலிடத்தைப் பிடித்தால் ஒரே கையெழுத்தில் தாண்டலாம் என்று காட்டியாகிவிட்டது. இன்று அது தூண்டில்காரருக்குச் சாதகம். நாளைக்கு வேறு யாருக்கோ.

அதைவிட ஆழமான பிரச்சினை எண்ணிக்கையில் இருக்கிறது. வணிகப் படகுகளுக்கு 2007 முதல் தனித்தனி ஒதுக்கீடு; கரைக்கு வரும் பிடிப்பு முழுக்கக் கணக்கில் ஏறுகிறது. தூண்டில்காரர்கள் லட்சக்கணக்கில். அவர்கள் பிடித்தது எவ்வளவு என்பது மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து வரும் மதிப்பீடு மட்டுமே. பழைய கணக்கெடுப்பு முறையை 2006-ல் தேசிய ஆய்வுக் கவுன்சில் கடுமையாக விமர்சித்தது. புது முறை வந்தது. தொலைபேசிக்குப் பதில் தபாலில் கேள்வித்தாள் அனுப்பினார்கள். 2023-ல், அந்தக் கேள்வித்தாளில் கேள்விகளின் வரிசையே மீன்பிடிப் பயணங்களைக் கூட்டிக் காட்டியிருக்கலாம், 30 முதல் 40 சதவீதம் வரைகூட இருக்கலாம் என்று அரசு நிறுவனமே அறிவித்தது. இதை மறைக்காமல் சொன்னதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கை நம்பி சீசனை இழந்தவருக்கு என்ன பதில்?

நம்பிக்கை கொஞ்சமாவது திரும்பியது, தூண்டில்காரர்களையே எண்ணும் வேலையில் சேர்த்தபோதுதான். அலபாமாவில் 2014 முதல், பிடித்த ரெட் ஸ்னாப்பரைப் படகுக்காரரே கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும். மொபைல் ஆப்பிலேயே செய்யலாம். மிசிசிப்பியும் அடுத்த ஆண்டு இதே வழியில் வந்தது. லூசியானா தனிக் கணக்கெடுப்பு நடத்துகிறது. நாடாளுமன்றம் ஒதுக்கிய நிதியில் கவுன்சிலுக்கு வெளியே உள்ள விஞ்ஞானிகள் வளைகுடா முழுக்க மீனை எண்ணி, 2021-ல் சுமார் 11 கோடி என்றார்கள். அதற்கு முந்தைய மதிப்பீட்டைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

2020 முதல் சொந்தப் படகுக்காரர்களின் சீசனை அந்தந்த மாநிலமே முடிவு செய்கிறது. மூன்று நாள் சீசன் என்ற பேச்சுக்கே இப்போது இடமில்லை. ஆனால் ஒரே கடலின் ஒரே மீனை ஐந்து மாநிலமும் வெவ்வேறு விதமாக எண்ணுகின்றன. அந்த எண்களை மத்திய அரசின் கணக்கோடு பொருத்தும் சூத்திரம் 2023-ல் அமலுக்கு வந்தபோது, மிகவும் அடிபட்டவை அலபாமாவும் மிசிசிப்பியும். கட்டாயப் பதிவை முதலில் கொண்டுவந்த இரண்டு மாநிலங்கள். ஒழுங்காகப் பதிவு செய்த படகுக்காரரிடம் இந்தச் சூத்திரத்தை அவருக்குப் புரிகிற மொழியில் விளக்குவது கவுன்சிலின் கடமை. ஆலோசனைக் குழு சொன்னதை ஒதுக்கும்போது, ஏன் ஒதுக்கினோம் என்று ஒரு பக்கம் எழுதி வெளியிடுவதற்கும் பெரிய செலவு ஆகாது.