டிவிடி டிரைவ் திக்கும்போது

கணினியில் போட்ட டிவிடி நின்று நின்று ஓடினால் பழி முதலில் விழுவது டிரைவின் மீதுதான். ‘லென்ஸ் போயிடுச்சு’ என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் பேச்சு அத்துடன் முடிந்தது. பழையது குப்பைக்கு, புதியது வீட்டுக்கு. ஆனால் படம் திக்குவதற்கு வட்டு காரணமாக இருக்கலாம், லென்ஸ் காரணமாக இருக்கலாம், டிரைவை மதர்போர்டுடன் சேர்க்கும் கேபிளோ அதன் அமைப்போ காரணமாக இருக்கலாம், படத்தை ஓட்டும் மென்பொருளும் காரணமாக இருக்கலாம். இவற்றில் எது என்று கண்டுபிடிக்காமல் பணத்தை எடுப்பது வீண் செலவு. கண்டுபிடிக்கவோ காசு செலவே கிடையாது.

முதல் சோதனை, வட்டில் உள்ளதை ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்துப் பார்ப்பது. வீட்டு விசேஷங்களைப் பதிந்த வட்டுகளுக்கு இது சுலபம். கடையில் வாங்கிய படங்களில் நகல் தடுப்புப் பூட்டு இருப்பதால் அவை இதற்கு ஆகா. நகல் ஏதோ ஓர் இடத்தில் மட்டும் நின்று மூச்சு வாங்கினால் கோளாறு வட்டில். எந்த வட்டைப் போட்டாலும் முதலிலிருந்தே ஆமை வேகத்தில் ஊர்ந்தால் லென்ஸையோ இணைப்பையோ சந்தேகிக்க வேண்டும். நகல் மளமளவென்று முடிந்து, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஓட்டும்போதும் படம் திக்கினால் டிரைவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மென்பொருளைத்தான் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் டிரைவைக் கழற்றுவது சரியல்ல.

திக்கும்போது உள்ளே நடப்பது இதுதான். வட்டில் தகவல் மிக நுண்ணிய பள்ளங்களாக, ஒரே நீண்ட சுருள் தடத்தில் பதிந்திருக்கிறது. சிடியில் அந்தச் சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான், டிவிடியில் 0.74 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் பருமனுக்குள் டிவிடியின் சுற்றுகள் நூறு வரை அடங்கிவிடும். சுழலும் வட்டில் இவ்வளவு நெருக்கமான தடத்தை விட்டு விலகாமல் லேசர் புள்ளியைப் பிடித்து வைத்திருப்பது லென்ஸின் வேலை. அழுக்கோ கீறலோ குறுக்கிட்டுப் படிக்க முடியாமல் போனால் டிரைவ் உடனே கைவிடாது. வேகத்தைக் குறைத்து, அதே இடத்துக்குத் திரும்பி வந்து, மறுபடியும் மறுபடியும் படித்துப் பார்க்கும். கணினியில் வேலை செய்யும் ஒரு கோப்பு என்றால் இந்தத் தாமதம் நமக்குத் தெரியாது. படம் காத்திருக்காதே! கையிருப்பில் இருந்த தகவல் தீர்ந்ததும் உருவம் உறைகிறது, கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் விட்டு விட்டு வருகிறது.

‘டிரைவின் வேகம் போதவில்லை’ என்ற பேச்சு இங்கே எடுபடாது. டிவிடி படம் ஒரு விநாடிக்கு அதிகபட்சமாகக் கேட்பது 10.08 மெகாபிட், அதாவது ஏறத்தாழ 1.26 மெகாபைட். டிவிடி டிரைவின் ஒரு மடங்கு வேகமே விநாடிக்கு 1.385 மெகாபைட். 16 மடங்கு வேகம் என்று எழுதியுள்ள டிரைவுக்குப் படம் ஓட்டுவது பெரிய வேலையே இல்லை. இன்னும் வேகமான டிரைவ் வாங்கினால் திக்கல் தீராது. சொல்லப்போனால் வேகத்தைக் குறைப்பதே சில வட்டுகளுக்கு மருந்து. 52 மடங்கு சிடி டிரைவ் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,000 சுற்று சுற்றும். ஒரு மடங்கு வேகத்தில் தேவைப்படுவது 200 முதல் 500 சுற்றுதான். காகித லேபிள் கோணலாக ஒட்டிய வட்டு அந்த வேகத்தில் அதிர்ந்து ‘ஊ’ என்று இரையும், படிப்பும் தடுமாறும். டிரைவின் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கும் சிறு மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

வட்டுக்கு வருவோம். லேசர் படிப்பது உள்வட்டத்திலிருந்து வெளிநோக்கி. மையத்திலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் கீறலைத் தடம் சட்டென்று கடந்துவிடும். இழந்த சிறு துண்டை டிரைவே கணக்குப் போட்டு மீட்டுக்கொள்ளும். சிடியில் தடத்தின் நீளவாக்கில் 2.5 மில்லிமீட்டர் வரை தொடர்ந்து அழிந்திருந்தாலும் முழுமையாக மீட்கும் ஏற்பாடு உண்டு. வட்டத்தை ஒட்டிச் சுற்றுப்போக்கில் விழுந்த கீறல் அப்படியல்ல. அது ஒரே தடத்தை வெகுதூரம் விழுங்கிவிடும். வட்டை எப்போதும் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. வேட்டி முனையால் வட்டமாகத் தேய்ப்பவர்கள், தூசியில் உள்ள மணல் துகளைக் கொண்டு மிக மோசமான திசையில் கீறிக்கொண்டிருக்கிறார்கள். மெல்லிய பருத்தித் துணி போதும். எண்ணெய்க் கைரேகை போகாவிட்டால் கொஞ்சம் சோப்பு நீர் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். பற்பசை போட்டுத் தேய்க்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. மேலோட்டமான கீறலை அது மழுக்கும், புதிய கீறல்களையும் போடும். வேறு வழியெல்லாம் தீர்ந்தபின் செய்யவேண்டிய காரியம் அது.

சிடியில் பலரும் பாதுகாப்பது பளபளப்பான அடிப்பக்கத்தை. ஆபத்து அதிகம் இருப்பதோ படம் அச்சிட்ட மேல்பக்கத்தில். அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலிகார்பனேட். மேல்பக்கத்தில் ஒளியைத் திருப்பும் உலோகப் படலத்துக்கு மேலே இருப்பது மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும். பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதினாலே படலம் பிய்ந்துவிடலாம். வட்டை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால், படலம் போன இடங்கள் ஊசித்துளை போல ஒளிரும். அந்த இடத்தில் இருந்த தகவல் எந்தப் பாலிஷாலும் திரும்பாது. டிவிடியில் படலம் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்த விஷயத்தில் அது பரவாயில்லை.

விசிடியைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையின் கல்யாண வீடியோக்கள் இருப்பது அதில்தான். மென்பொருள் சிடியில் ஒவ்வொரு பகுதியிலும் 2,048 பைட் தகவலும், அதைக் காக்கக் கூடுதலாக ஓர் அடுக்குப் பிழைதிருத்தமும் இருக்கும். ஒரே வட்டில் 74 நிமிடப் படத்தை அடக்குவதற்காக விசிடி அந்தக் கூடுதல் அடுக்கைக் கைவிட்டு, 2,324 பைட் தகவலை வைத்துக்கொண்டது. ஆகவே மென்பொருள் சிடி பொறுத்துக்கொள்ளும் கீறலில் விசிடி தடுக்கி விழுகிறது. அதில் படம் அடங்கிய டேட் கோப்பை நகலெடுக்கும்போது பாதியில் ‘சைக்ளிக் ரிடன்டன்சி செக்’ என்ற பிழைச்செய்தி வந்து மொத்தமும் நின்றுபோவது பலருக்கும் பழக்கமான அனுபவம். அங்கே மனம் தளர வேண்டாம். விண்டோஸின் சாதாரண நகலெடுப்பு ஒரு பகுதி படியாவிட்டால் முழுக் கோப்பையும் விட்டுவிடும். ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள்கள் படியாததைத் தாண்டி மேலே போகும். கையில் மிஞ்சுவது, தாலி கட்டும் காட்சியில் ஒரு நொடி கட்டம் உடையும் படம். படமே இல்லாததைவிட அது எவ்வளவோ மேல்.

வட்டு சுத்தமாக இருந்தும் திக்குகிறது என்றால் அடுத்தது லென்ஸ். லென்ஸ் மங்குவதற்கு அடையாளங்கள் உண்டு. மறுபடி மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டுகள் மற்றவற்றைவிட மிகக் குறைவாகவே ஒளியைத் திருப்புகின்றன. வீட்டில் எழுதிய வட்டுகளிலும் ஆலையில் அச்சிட்ட வட்டின் தெளிவு எப்போதும் இருப்பதில்லை. முதலில் ஆர்டபிள்யூ வட்டு, பிறகு வீட்டில் எழுதியது, கடைசியாக ஆலை வட்டு என்ற வரிசையில் டிரைவ் மக்கர் செய்யத் தொடங்கினால் லென்ஸில் படிந்த தூசியோ தளர்ந்த லேசரோ காரணம். சிடி எல்லாம் ஓடி டிவிடி மட்டும் ஓடாவிட்டால் வேறு கதை. சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் லேசர். இரண்டில் ஒன்று மட்டும் செத்துப்போவது சாதாரணம், அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

மடிக்கணினியில் லென்ஸைத் துடைப்பது எளிது. கணினியை அணைத்து, சார்ஜரையும் பிடுங்கிவிட்டு, டிரைவின் முகப்பில் உள்ள குண்டூசித் துளையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை நுழைத்து அழுத்தினால் தட்டு சில மில்லிமீட்டர் வெளியே வரும். மீதியைக் கையால் இழுக்கலாம். சுழலும் குமிழுக்குப் பக்கத்தில், ஒரு பிளவுக்குள், உளுந்து அளவில் நீலச்சாயலுடன் மின்னுவதுதான் லென்ஸ். மெல்லிய கம்பிகளில் மிதப்பதால் தொட்டாலே அசையும். காது குடையும் பட்ஸில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, அழுத்தாமல் ஒருமுறை சுழற்றி எடுத்தால் போதும். ஊதுபத்திப் புகையும் தாளிப்பு நெய்ப்பசையும் படிந்த லென்ஸ்கள் இந்த ஒரு துடைப்பில் உயிர் பெறுவதுண்டு. தூரிகை ஒட்டிய ‘லென்ஸ் கிளீனர்’ வட்டுகள் உலர்ந்த தூசியைத் தட்டிவிடும், பிசுக்கை எடுக்காது. மேசைக் கணினியின் டிரைவில் லென்ஸ் பெட்டிக்குள் இருப்பதால் திருகுகளைக் கழற்ற வேண்டியிருக்கும். திறந்த நிலையில் மின்சாரம் மட்டும் கொடுக்கக் கூடாது. 780 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும்.

அட்டகாசமாக ஏமாற்றும் கோளாறு பழைய கணினிகளில் இருக்கிறது. பட்டை கேபிளில் டிரைவ் இணைந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்றில் எல்லா வட்டும் ஒரேபோலத் திக்கினால், படம் ஓடும்போது மவுஸ் அம்பும் சேர்ந்து தள்ளாடினால், டிரைவைக் குறை சொல்லாதீர்கள். சாதாரணமாக டிரைவ் தகவலை டிஎம்ஏ முறையில் நேரே நினைவகத்தில் இறக்கும். இணைப்பில் பிழைகள் மொத்தம் ஆறு சேர்ந்தால் விண்டோஸ் அதை ஒரு படி இறக்கும். அப்படியே இறக்கி இறக்கிக் கடைசியில் பிஐஓ என்ற பழைய முறைக்குத் தள்ளிவிடும். அதில் ஒவ்வொரு துணுக்கையும் பிராசசரே சுமக்க வேண்டும். கொடுமை என்னவென்றால், கீறல் விழுந்த ஒரே வட்டைப் படிக்கத் திணறியதாலேயே இந்த நிலை வரலாம். வட்டை வெளியே எடுத்தபின்னும் தண்டனை தொடரும். டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர்கள் பகுதியில் செகண்டரி சேனலைத் திறந்து, அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் பார்த்தால் நடப்பு முறை பிஐஓ என்று காட்டும். அந்தச் சேனலை அங்கேயே அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடி தொடங்கினால் விண்டோஸ் புதிதாகக் கண்டெடுத்து டிஎம்ஏவுக்குத் திரும்பும். சில நாளில் மறுபடி விழுந்தால் கேபிளை மாற்ற வேண்டும்.

பின்னர் வந்த சாட்டா டிரைவ்களில் இந்தச் சிக்கல் இல்லை. கேபிளைக் கழற்றி அழுத்தமாகச் செருகிப் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்தது. வெளியே மாட்டும் மெல்லிய யுஎஸ்பி டிரைவ்களுக்கு நோய் வேறு: மின்சாரப் பசி. யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. வட்டு சுழலத் தொடங்கும் நேரத்தில் சில டிரைவ்கள் இதைவிட அதிகம் கேட்கும். வட்டு ‘உய்ங்’ என்று எழும்பி அடங்கி மறுபடி எழும்பினால், ஹப்பை நீக்கி, கணினியின் பின்புறத் துளையில் நேரடியாகச் செருக வேண்டும். அதுவும் போதாவிட்டால் இரண்டு துளைகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் இரட்டைத்தலை கேபிள் உதவும்.

ஊகிக்க விருப்பமில்லாதவர்கள் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறக்கலாம். சிஸ்டம் பதிவில் சிடிராம் பெயரில் 7 என்ற எண் இருந்தால் வட்டில் படியாத பகுதி; 11 இருந்தால் கன்ட்ரோலர் பிழை, கேபிள் பக்கம் போக வேண்டும்.

மென்பொருள் பக்கம் அதிகம் இல்லை. விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் ஓட்டும் வசதி விண்டோஸுடன் இயல்பாக வருவதில்லை. இலவசமான விஎல்சி அந்தக் குறையைத் தீர்க்கிறது. அதன் விரிவான அமைப்புகளில் வட்டுக்கான கேச்சிங், அதாவது முன்கூட்டியே படித்து வைக்கும் கையிருப்பு, 300 மில்லிவிநாடி என்று இருக்கும். 2,000 ஆக்கினால் சிறு தடங்கல்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வாங்கிய டிவிடி இங்கே அறவே ஓட மறுத்தால் அது பழுது அல்ல. டிவிடிகளுக்கான மண்டலப் பிரிவில் அந்நாடுகள் மண்டலம் 3, இந்தியா மண்டலம் 5. டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும்; ஐந்தாவதோடு அது நிலைத்துவிடும்.

இவ்வளவும் பார்த்தபின் மிஞ்சுவது செத்த லேசர் என்றால் புது டிரைவ் வாங்கலாம்; பழையதைப் பழுதுபார்க்கச் செலவழிப்பதில் பொருளில்லை. ஆனால் ஒரு டிரைவ் படிக்காத வட்டை இன்னொன்று படிப்பதுண்டு. அதனால் ஒரே டிரைவின் பேச்சைக் கேட்டு எந்த வட்டையும் தூக்கிப் போடாதீர்கள். இன்று விற்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு டிரைவே கிடையாது. வீட்டில் கல்யாண விசிடியோ, மறைந்த பெரியவர்கள் பேசும் பதிவோ இருந்தால், ஓடுகிற டிரைவ் ஒன்று கைக்கு எட்டும்போதே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, இன்னொரு பிரதியை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.